செந்தூல் திடலில் பீக்கன், நிசேகோவில் பனி

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரியில்தான் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பனி உச்சத்தில் இருக்கும். பொது விடுமுறையோடு ஆண்டு விடுப்பில் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஒரு வாரம் தேறிவிடும். கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு நேரடி விமானம் வேறு. அதனால் அந்த நாட்களில் ஹொக்கைடோவின் ஸ்கீ ஊரான நிசேகோவில் லிஃப்ட் வரிசையில் நின்றால் மலாயும் கேண்டனீசும் காதில் விழும், நடுநடுவே "டேய், கிளவ்ஸ எங்கடா வச்ச?" என்று தமிழும் விழும். அங்குள்ள நான்கு ஸ்கீ மையங்களில் ஒன்றான நிசேகோ வில்லேஜ் 2010 முதல் நம் ஊர் ஒய்டிஎல் குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. என் அம்மாவிடம் மட்டும் இது எதுவும் எடுபடாது. "பத்துமலைக்கு வராம வேற எந்த மலைக்குப் போறே?" என்று வருடா வருடம் கேட்பார்.

முதன்முதலாகப் பனியைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. ஸ்கீயிலோ ஸ்னோபோர்டிலோ ஓரளவு கை தேறி, இயந்திரம் சீர்செய்த தடங்களில் நிதானமாக இறங்கப் பழகி, இப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காமல் கிடக்கும் பனியைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுகிறதே, அவர்களுக்காக எழுதுகிறேன். தடத்தில் இருக்கும்வரை நமக்காக நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். இரவில் பனியைச் சமன் செய்கிறார்கள், காலையில் ரோந்துக்காரர்கள் சரிவைப் பார்க்கிறார்கள், ஆபத்தான இடத்தை அடைக்கிறார்கள். ஆஃப்-பிஸ்டில், அதாவது சீர்செய்த தடத்துக்கு வெளியே, இதெல்லாம் குறைந்துகொண்டே போகும். மையத்தின் எல்லைக்குள் இருக்கும் மரக்காடு என்றால் பாதியாவது உண்டு. எல்லைக் கயிற்றில் விட்டிருக்கும் கேட்டைத் தாண்டி மையத்துக்கு வெளியே, பின்மலைக்குப் போய்விட்டால் ஒன்றும் கிடையாது.

என் கணிப்பில், வெயில் நாட்டிலிருந்து போகும் நமக்கு அங்கே ஆபத்து பாதி பனியில் இருக்கிறது. மீதிப் பாதி பையில் இருக்கும் திரும்பும் டிக்கெட்டில் இருக்கிறது. உள்ளூர்க்காரன் இன்று சரியில்லை என்றால் அடுத்த வாரம் வருவான். நமக்கு அடுத்த வாரம் ஆபீஸ். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் கொட்டுகிறது. அதுதான் உலகம் முழுக்கப் பேசப்படும் அந்த இலேசான பவுடர். கையில் அள்ளி ஊதினால் பறக்கும். இவ்வளவு மெல்லிய சாமான் ஆளைக் கொல்லுமா என்று தோன்றும். கொல்லும். எப்படி என்று புரிய நமக்கு ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாம் தளத்தில் நிலச்சரிவில் 31 பேர் போனார்கள். மேலே பார்க்க உறுதியாக இருக்கும் சரிவு, உள்ளே ஏதோ ஒரு மட்டத்தில் பிடிப்பு விட்டதும் மொத்தமாக வழுக்கி வருகிறது. பனிச்சரிவும் அதே கதைதான்.

பனி ஒரே பொதியாக விழுவதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. மேகமில்லாத ஒரு குளிர் இரவில் மேற்பரப்பில் இறகு போன்ற உறைபனிப் படிகங்கள் வளரும். பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் புதுப்பனி விழுந்து அதை மூடிவிடும். அப்புறம் காற்று மேலே இன்னும் பனியைக் கொண்டுவந்து இறுக்கிப் பலகையாக்கும். அடியில் அந்த இறகுப் படிகம் பலவீனமாக அப்படியே கிடக்கும், சில சமயம் வாரக்கணக்கில். நாம் மேலே ஏறும்போது அந்த அடுக்கு உடைகிறது, உடைசல் கண் இமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடுகிறது, மேலிருக்கும் பலகை மொத்தமாகக் கழன்று இறங்குகிறது.

மண்ணுக்கும் பனிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலச்சரிவில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தவர். பனிச்சரிவில் உயிர்போன விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில், சரிவைக் கிளப்பிவிட்டது மாட்டிக்கொண்டவரோ அவருடைய கூட்டாளியோதான். கேட்கவே பயமாக இருந்தாலும், யோசித்தால் இது நல்ல செய்தி. நாம் அந்தச் சரிவில் கால் வைக்காவிட்டால் பெரும்பாலும் அது பாட்டுக்குக் கிடக்கும்.

எந்தச் சரிவு? பலகையாகக் கழன்று வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் கிளம்புகின்றன. அதிலும் 38-ஐ ஒட்டித்தான் மிக அதிகம். 30-க்குக் கீழே அபூர்வம். ஆகவே 30 டிகிரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. இதற்குப் பனி வேண்டாம். கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலி இருக்கிறது. வழக்கமான மாடிப்படியே 30-லிருந்து 37 டிகிரி வரை இருக்கும். எந்தப் படிக்கட்டைப் பார்த்தாலும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு கைப்பிடிச் சுவரில் போனை வைத்துச் சரிபார்ப்பது எனக்கு இப்போது வியாதியாகவே ஆகிவிட்டது. பத்துமலைப் படிகளிலும் செய்யலாம். குரங்கு போனைப் பிடுங்கினால் நான் பொறுப்பில்லை. இன்னொன்று: நாம் நிற்கும் இடம் சமதளம் என்பதால் தப்பித்தோம் என்று இல்லை. தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு தொங்கினால் அது இறங்கி வந்து நிற்கும் இடம் நாம் நிற்கும் இடம்தான்.

இப்போது டிக்கெட். ஒரு காலை, நிசேகோவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் பசியாறிக்கொண்டிருந்தோம். இரவெல்லாம் காற்று. பின்மலைக்குப் போகும் கேட்டுகள் மூடியிருப்பதாகச் செய்தி. பக்கத்து மேசையில் நம் ஊர்க் கூட்டம் ஒன்று. "இவ்ளோ காசு போட்டு வந்து சும்மா உக்காந்திருக்கவா?" என்றார் ஒருவர். "நேத்து ரெண்டு பேர் கயிறுக்கு அடியில பூந்து போனானுங்க மச்சான், ஒண்ணும் ஆவல" என்றார் மற்றவர். மூன்றாமவர், "நாளைக்கு ஃப்ளைட்டு வேற" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பதுபோல் இருந்தது.

இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசி, விஷயம் தெரிந்தவர்கள்கூட ஏன் மாட்டுகிறார்கள் என்று பார்த்தார். அவர் காட்டிய பொறிகள் மனிதக் குணங்கள்தாம்: பழகிய இடம் என்ற தைரியம், கூட்டத்தில் பேர் வாங்கும் ஆசை, போட்ட திட்டத்தை விடமுடியாத பிடிவாதம், குழுவில் ஒருவரைப் பெரிய ஆளாக நினைத்து அவர் பின்னால் போவது, மற்றவர்கள் போகிறார்களே என்பது, வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமே என்ற பதைப்பு. அந்த மேசையில் மூன்றே வாக்கியத்தில் மூன்று பொறிகள் வந்துவிட்டன. முந்தின நாள் இரண்டு பேர் போய் வந்ததால் சரிவு உறுதியாக இருக்கிறது என்று பொருளில்லை. பலவீனமான புள்ளியை அவர்கள் மிதிக்கவில்லை, அவ்வளவுதான். காற்றடித்த இரவுக்குப் பிறகு கேட்டை மூடுவதும் வீண் கெடுபிடி அல்ல. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் குவித்துப் பலகையாக்கும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே ஓர் இரவில் சரிவு கனத்துப்போகும்.

நிசேகோவில் இதற்கென்றே உள்ளூர் விதிகள் இருக்கின்றன. வெளியே போவதென்றால் கேட் வழியாகத்தான் போக வேண்டும், கயிற்றுக்கு அடியில் நுழையக் கூடாது, கேட் மூடியிருந்தால் போகவே கூடாது. மீறினால் லிஃப்ட் பாஸ் போகும். எல்லைக்கு வெளியே தேட வந்தால் மீட்புச் செலவும் நம் தலையில்தான். யுனோசாவா, ஹருனோதாகி என்ற இரண்டு இடங்கள் வானிலை எப்படி இருந்தாலும் தடைதான். தினமும் காலையில் பனிச்சரிவு நிலவரத்தை எழுதி வெளியிடுகிறார்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கும். காப்பி குடிக்கும்போதே படித்துவிடலாம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்கிறார்கள். அதில் 3 என்றால் நடுவாந்தரம், பரவாயில்லை என்று நம் மனம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆட்கள் அதிகம் இறப்பது 5-இல் அல்ல, அந்த 3-இல்தான். 5-இல் யாரும் வெளியே போவதில்லையே.

டிக்கெட் பொறிக்கு நான் கண்ட ஒரே மருந்து, டிக்கெட் போடும்போதே மூடிய நாளுக்கும் ஒரு திட்டம் போட்டு வைப்பது. மையத்துக்குள்ளேயே எந்த மரப்பகுதி, நிசேகோவின் ஹிராபு மையத்தில் இரவு ஸ்கீ, எந்த வெந்நீரூற்று, எந்தக் கடையில் ராமென் நூடுல்ஸ் என்று கோலாலம்பூரிலேயே எழுதிவிடுவோம். அங்கே போய் ஏமாற்றத்தோடு உட்கார்ந்து யோசித்தால் புத்தி கயிற்றுப் பக்கம்தான் போகும்.

சரி, பனியில்லாத ஊரில் பழகக்கூடிய இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான்.

பின்மலைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: பீக்கன், நீட்டினால் இரண்டரை மீட்டர் அளவுக்கு வரும் மெல்லிய கம்பி, உலோகத் தகடு வைத்த மடக்கு மண்வாரி. பீக்கன் உடலோடு கட்டிக்கொள்ளும் சின்ன வானொலிக் கருவி. சாதாரணமாக அது அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிச் சமிக்ஞையைப் பிடிப்பார்கள். எந்த நிறுவனம் செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால் ஒன்றோடொன்று பேசும். நிசேகோவில் வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் முதல் நாள் காலையில் கடைக்காரர் கையில் திணித்த கருவியை மாலையில் பதற்றத்தில் இயக்குவது நடக்காத காரியம்.

அதனால் நானும் தம்பியும், அதாவது சித்தப்பா மகனும், செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் பழகினோம். அவன் ஸ்னோபோர்டுக்காரன், நான் ஸ்கீ. ஒருவர் திரும்பி நிற்க, மற்றவர் பீக்கனைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெருக்கிக் குவித்த சருகுக்கு அடியில் ஒளித்துவைப்பார். தேடுபவரின் கருவித் திரையில் அம்பும், தூரத்தை ஏறக்குறைய மீட்டரில் காட்டும் எண்ணும் தெரியும். 38, 34, 29 என்று குறையும். அம்பு நேராகக் காட்டுவதில்லை, இடப்பக்கமாக வளைந்து வளைந்து இழுக்கும். முதலில் கருவி கோளாறு என்றே தோன்றும். கோளாறு இல்லை. ஒளித்துவைத்த கருவிக்குள் இருக்கும் ஆண்டெனாவிலிருந்து காந்தக் கோடுகள் வில்லாக வளைந்துதான் வெளியே வருகின்றன, நம் கருவி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. எண் ஏறத் தொடங்கினால் எதிர்த்திசையில் போகிறோம், திரும்ப வேண்டும். பத்து வரும்வரை ஓட்டமும் நடையும். அப்புறம் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே வந்ததும் முழங்காலிட்டு, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, சுழற்றாமல் திருப்பாமல் ஒரே கோட்டில் முன்னும் பின்னும், பிறகு குறுக்கே. எங்கே எண் மிகக் குறைவோ அங்கேதான் கம்பி இறங்க வேண்டும். சட்டைப்பையில் கைப்பேசி இருந்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நான் புல்லில் தவழ்வதைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னாப்பா, சங்கிலி தொலைஞ்சு போச்சா?"

"இல்ல அங்கிள், பனியில ஆள் புதைஞ்சா தேடுறதுக்குப் பழகுறோம்."

வெயிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், புதைந்தவருக்கு நேரம் அவ்வளவு குறைவு. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரையிலான விபத்துகளை வைத்து 2024-இல் வந்த ஆய்வின்படி, முழுக்கப் புதைந்தவர்களில் 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 91 விழுக்காடு பிழைத்தார்கள். 10-லிருந்து 30 நிமிடத்துக்குள் அது 31 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. மூச்சு முட்டித்தான் பெரும்பாலோர் இறக்கிறார்கள், குளிரால் அல்ல. மீட்புக்குழு ஹெலிகாப்டரில் வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்துசேராது. காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பன்தான். எனவே நண்பனுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் பீக்கன் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

கம்பியையும் மண்வாரியையும் திடலில் பயன்படுத்தினால் மாநகராட்சிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் கோணிப்பையைப் புதைத்து, எண் குறைந்த இடத்திலிருந்து சுருளாக 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, மேற்பரப்புக்குச் செங்குத்தாக. மணலுக்கும் கோணிக்கும் கையில் வரும் வித்தியாசம் ஒருமுறை தெரிந்துவிட்டால் மறக்காது. பட்டதும் கம்பியை எடுக்கக் கூடாது, அதுதான் அடையாளம். தோண்டுவது கம்பிக்கு நேர் மேலே அல்ல. ஆழம் ஒரு மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் கீழ்ப்பக்கம் தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிக் குடைந்து போக வேண்டும். மேலே நின்றால் புதைந்தவரின் மூச்சுக்கு மிஞ்சியிருக்கும் இடத்தையும் மிதித்து நசுக்கிவிடுவோம். சரிந்து நின்ற பனி மெத்தென்று இருக்காது, இறுகிவிடும். தேடுவதைவிடத் தோண்டுவதில்தான் நேரம் போகிறது என்பது கடற்கரையிலேயே இடுப்பு சொல்லிவிட்டது. இரண்டே பேராகப் போகக் கூடாது என்று வழிகாட்டிகள் சொல்வதற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மரக்காட்டில் ஓடுகிறவர்கள் பனிச்சரிவை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் போதாது. ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி ஆழமான குழி விழுந்திருக்கும், மேலே மெல்லிய பனி மூடியிருக்கும். தலைகீழாக விழுந்தால் சுற்றியுள்ள தளர்ந்த பனி வாயிலும் மூக்கிலும் இறங்கும். வட அமெரிக்காவில் தன்னார்வலர்களை இப்படிக் குழியில் இறக்கிப் பார்த்த சோதனைகளில் பத்துக்கு ஒன்பது பேரால் தானாக வெளியே வர முடியவில்லை. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் பலகையோடு கட்டியிருப்பதால் இன்னும் மோசம். மரத்தை ஒட்டிப் போகாதீர்கள், விழப்போவது தெரிந்தால் கிளையையோ தண்டையோ கட்டிப்பிடித்து தலை மேலே இருக்கப் பாருங்கள், ஸ்கீ தடியின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள், கழுத்தில் ஒரு விசில். எல்லாவற்றையும்விட, கூட்டாளி கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். அடிவாரத்தில் போய்க் காத்திருக்கிற நண்பனால் இதில் எந்த உபயோகமும் இல்லை. எங்கள் வழக்கம் சின்னச் சின்னத் துண்டாக இறங்கி, கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டு அடுத்த துண்டு.

சறுக்கும் நுட்பத்தைப் பற்றி எழுத்தில் அதிகம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஒன்றிரண்டு மட்டும். ஆழமான பனியில் பின்னால் சாய்ந்து ஓட்ட வேண்டும் என்று யாரோ ஆரம்பித்துவைத்த பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஓட்டினால் தொடை பத்து நிமிடத்தில் எரியும், திருப்பமும் வராது. ஸ்கீயில் எடையை இரண்டு காலிலும் ஏறக்குறையச் சமமாக வைத்து, கால்களைக் கொஞ்சம் நெருக்கி, நிதானமான தாளத்தில் இறங்கினால் அகலமான ஸ்கீ தானாக மிதக்கும். ஸ்னோபோர்டில் காலைப் பிணைக்கும் கட்டுகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டினால் பலகையின் மூக்கு மேலே நிற்கும். சமதளம் வருமுன் வேகத்தை விட்டுவிட்டால் இடுப்பளவு பனியில் நடக்க வேண்டும், தம்பி அதில் பட்டம் வாங்கியவன். கேட்டைத் தாண்டுவதற்கு முன், சீர்செய்யாத கரடுமுரடான தடத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடியாதவர் குழுவில் ஒருவர் இருந்தாலும் அன்று உள்ளேயே இருப்பது நல்லது.

படிப்பு என்று பார்த்தால், கனடாவின் பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பான அவலாஞ்ச் கனடா இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே முடிக்கலாம். அவர்களுடைய ஏஎஸ்டி 1 என்ற அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு இரண்டு நாள், ஒரு நாளாவது மலையில். பயணத்தின் முதல் இரண்டு நாளை அதற்கே கொடுத்துவிட்டால் மிச்ச நாட்களின் தரமே வேறு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வழிகாட்டியை வெட்டாதீர்கள், வேண்டுமானால் விடுதியில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் ஆஃப்-பிஸ்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பொடி எழுத்துவரை படியுங்கள். வழிகாட்டி இல்லாமல் போனால் செல்லாது என்று பல பத்திரங்களில் இருக்கும். பனிச்சரிவில் ஊதி ஆளை மேலே நிறுத்த உதவும் காற்றுப்பை வைத்த முதுகுப்பை வாங்குகிறவர்கள் அதிலிருக்கும் அழுத்தக் குப்பியை விமானத்தில் ஏற்ற முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அது உதவும், ஆனால் மரத்தில் மோதுவதைத் தடுக்காது.

வழிகாட்டியைச் சந்திக்கும் முதல் மாலை நான் எங்கே போவோம் என்று கேட்பதில்லை. "நாளைக்கு எங்கெல்லாம் போகமாட்டோம், ஏன்?" என்று கேட்பேன். போன முறை வந்த வழிகாட்டி வரைபடத்தை விரித்து, வடமேற்குக் காற்று இரண்டு நாளாக எந்த முகட்டைத் தாண்டி எந்தப் பக்கம் பனியைக் குவித்திருக்கிறது என்று விரலால் கோடு இழுத்தார். அந்தக் கிண்ணம் போன்ற சரிவு வேண்டாம், அதற்குக் கீழே இருக்கும் ஓடை வழியும் வேண்டாம், சரிந்தால் எல்லாம் அந்த ஓடையில்தான் வந்து சேரும் என்றார். பிறகு பீக்கன்களை மேசையில் வைக்கச் சொல்லி பேட்டரி அளவைப் பார்த்தார், தம்பியின் பலகையைத் தூக்கிப் பார்த்து, கட்டுகளை ஒரு துளை பின்னால் தள்ளி மாட்டச் சொன்னார்.